உங்கள் மேசைக்கு ஒரு விஞ்ஞானியின் உதவித்தொகை விண்ணப்பம் வந்தால்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். வருகை ஆய்வாளர்களுக்கான உதவித்தொகைக் கோப்பை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். திறந்தால் ஆய்வுத் திட்டம், கட்டுரைப் பட்டியல், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், செலவுக் கணக்கு. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நானும் ஒரு நாள் இப்படித்தான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பழக்கமானது ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் நடைமுறை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் வேலையின் வரிசை பெரும்பாலும் இதுதான்.

முதலில், இந்த உதவித்தொகை எதற்காக என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்க் குளத்து விரால் மீனுக்கு 1793-ல் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லினில் மருத்துவராக இருந்த மார்க்குஸ் எலீசர் ப்ளோக். தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அவருக்கு மீன்களைப் பதப்படுத்திக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார். ப்ளோக்கின் சேகரிப்பு இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே சேகரித்த இந்திய மீன்கள் லண்டன், கொல்கத்தா, லெய்டன், சிட்னி என்று பல ஊர்களில் பிரிந்து கிடக்கின்றன. இன்று ஒருவர் காவிரியில் பிடித்த மீன் புதிய இனமா, பழைய இனமா என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பழைய மீனை நேரில் பார்த்து முள்ளையும் செதிலையும் எண்ணியாக வேண்டும். எண்ணுவதற்கு அவர் அங்கே போக வேண்டும். அந்தப் பயணத்துக்கும் தங்குவதற்கும் கொடுக்கிற பணம்தான் இந்த உதவித்தொகை. அது பரிசோ பாராட்டோ கிடையாது. ஒரு கேள்வியையும், பதப்படுத்திய மீன் இருக்கும் ஒரு கண்ணாடிக் குடுவையையும் ஒரே அறைக்குக் கொண்டுவருவதற்கான வழிச்செலவு அது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற பாதிக் குழப்பங்கள் தாமாகத் தெளிந்துவிடும்.

வந்த அன்றே

விண்ணப்பம் வந்த நாளிலேயே "கிடைத்தது" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிவு எண், முடிவு தெரியவரும் மாதம், கேள்வி கேட்க வேண்டிய முகவரி, இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பல நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் வாரக்கணக்கில் அவரைத் தவிக்க விடக் கூடாது.

கடைசி நாள் விஷயத்தில் நேரத்தைக் கவனியுங்கள். அறிவிப்பில் "நள்ளிரவு, மத்திய ஐரோப்பிய நேரம்" என்று இருந்தால், சென்னையில் அப்போது கோடையில் விடிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. சென்னையிலிருந்து அங்கத்திய நேரப்படி இரவு இரண்டு மணிக்கு அனுப்பியவர் தாமதம் செய்யவில்லை. மின்னஞ்சலில் மறுநாள் தேதி இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம் பெயர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தலைப்பெழுத்தும் சொந்தப் பெயரும்தான். ஆன்லைன் படிவமோ குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. அதனால் தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரை ஓரிடத்தில் எழுதியிருப்பார், கட்டுரையில் வேறு மாதிரி இருக்கும், பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி இருக்கும். ஆள்மாறாட்டமோ என்று சந்தேகப்பட வேண்டாம். "பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுத்துக்கு எழுத்து அனுப்புங்கள்" என்று ஒரு தடவை கேட்டு, கோப்பின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். விசாக் கடிதம் எழுதும்போது இது உங்களையும் அவரையும் காப்பாற்றும்.

தகுதிச் சரிபார்ப்பு சீக்கிரம் முடிகிற வேலை. ஆவணங்கள் முழுசாக இருக்கின்றனவா, முனைவர் பட்டம் முடித்து எத்தனை ஆண்டு என்ற வரம்பு உண்டா, விண்ணப்பதாரரின் நாடு திட்டத்துக்குள் வருகிறதா என்று பார்த்தால் போதும். ஆண்டுக் கணக்கில் பிரசவ விடுப்பு, நோய் விடுப்பு ஆகியவற்றைக் கழிக்க உங்கள் விதி இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பதாரர் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டிருக்கலாம். நீங்களாகக் கேளுங்கள். ஒரு தாள் விடுபட்டிருந்தால் அதற்காகவே தள்ளிவிடாமல், விதி அனுமதிக்கும் வரை ஒரு வாய்ப்பு கொடுங்கள். ஒருவருக்குக் கொடுத்த வாய்ப்பை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்ட மாதிரிகள் நம்மிடம் இருக்கின்றனவா?

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சுமார் 8 கோடி மாதிரிகள் (ஆய்வுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும் உயிரினங்கள், கற்கள் போன்றவை) இருக்கின்றன. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 14 கோடிக்கும் மேல். இத்தனையும் இணையப் பட்டியலில் ஏறிவிடவில்லை. அதனால் விண்ணப்பதாரர் பட்டியலைப் பார்த்து எழுதியதற்கும், இழுப்பறையில் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கும். இரண்டு பக்கமும் இருக்கும். பட்டியலில் இருப்பது அலமாரியில் இருக்காது. பட்டியலில் இல்லாத அருமையான ஒன்று அலமாரியின் கோடியில் இருக்கும்.

ஆய்வுத் திட்டத்தை எடுத்து, அவர் பார்க்க விரும்பும் மாதிரிகளின் எண்களை மட்டும் தனித் தாளில் எழுதுங்கள். எண்ணே நிறையச் சொல்லும். லண்டனில் பிரான்சிஸ் டேயின் மீன்கள் பலவற்றுக்கு 1889.2.1 என்று தொடங்கும் எண் இருக்கும். 1889-ம் ஆண்டு, இரண்டாம் மாதம், முதல் தேதி பதிவேட்டில் ஏறிய தொகுதி என்று பொருள். இப்படி எண் போட்டு எழுதுகிற விண்ணப்பதாரர் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார். "உங்கள் மீன் சேகரிப்பைப் பார்க்க வேண்டும்" என்று மட்டும் எழுதுகிறவருக்குத் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். வழி காட்ட ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். அவரிடம் எந்தப் பேரினம், எந்த நதி, எந்தக் காலம் என்று கேளுங்கள்.

அந்தத் தாளோடு சேகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் க்யூரேட்டரிடம் நேரில் போங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அவரோடு சேர்ந்து அறைக்குள் போய்ப் பாருங்கள். நான் முதல் தடவை போனபோது க்யூரேட்டர் ஒரு குடுவையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மீன் கெடாமலிருக்க ஊற்றிய சாராயம் வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்தது. உள்ளே விரல் நீள மீன் ஒன்று, வாலில் நூலால் கட்டிய சிறு உலோகத் தகடு. மீனோடு சேர்ந்து சாராயத்திலேயே மிதந்த காகிதச் சீட்டில் மசியால் எழுதிய எழுத்து இன்னும் கலையாமல் இருந்தது. வெளியே சிவப்பு அடையாளம். சிவப்பு என்றால் அது வகைமாதிரி, அந்த இனத்துக்குப் பெயர் வைத்தபோது கையில் இருந்த அதே மீன். "இதற்கு இன்னொன்று உலகத்தில் கிடையாது" என்றார். அன்றைக்குத்தான் என் மேசையில் கிடந்த கோப்பு எதைப் பற்றியது என்று எனக்குப் புரிந்தது. புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

க்யூரேட்டரிடம் கேட்க வேண்டியவை: மாதிரி இருக்கிறதா, கையாளும் நிலையில் இருக்கிறதா, அவர் கேட்கும் மாதத்தில் இங்கேயே இருக்குமா, நுண்ணோக்கியும் மேசையும் காலியா, கூட இருந்து உதவ ஆள் உண்டா. மூன்றாவது கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான் விட்டிருக்கிறேன். ஓர் ஆய்வாளர் இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தார். அவர் பார்க்க வந்த ஆறு குடுவைகளில் நான்கு அதற்கு முந்தின மாதம்தான் வேறொரு நாட்டுக்குக் கடனாகப் போயிருந்தன. கடன் பதிவேட்டை நான் பார்த்திருந்தால் பயணத்தைத் தள்ளி வைத்திருக்கலாம். அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. மீதி இரண்டையும் நாள் முழுக்க அளந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து கடன் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்தக் கோப்பையும் நான் மேலே அனுப்பியதில்லை.

நேரில் வராமலே வேலை முடியுமா என்பதையும் க்யூரேட்டர் சொல்வார். சில கேள்விகளுக்கு நாலு நல்ல புகைப்படமும் ஒரு சிடி ஸ்கேனும் போதும். அப்படியானால் விண்ணப்பதாரரிடம் நேர்மையாகச் சொல்லுங்கள். உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் அவருக்குப் பதில் கிடைத்துவிடும்.

நாள் கணக்கும் பணக் கணக்கும்

அனுபவசாலிகள் கூட நாளைக் குறைத்துக் கேட்பார்கள். அதிகம் கேட்டால் கிடைக்காதோ என்ற பயம். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 மாதிரிகளை அளக்க வேண்டும், ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் 75 மணி நேரம். குடுவையை எடுக்க, வைக்க, சீட்டைப் படிக்க நேரம் போக ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உருப்படியாக வேலை நடக்கும். ஆக, பதின்மூன்று வேலை நாள். விண்ணப்பத்தில் "ஐந்து நாள்" என்று இருந்தால் திட்டம் தவறு என்று மதிப்பெண் குறைவதற்கு முன்னால், மாதிரிகளைக் குறைக்கப் போகிறாரா, நாளைக் கூட்டப் போகிறாரா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பணத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று உண்டு. "முதலில் நீங்கள் செலவு செய்யுங்கள், வந்து போன பிறகு ரசீது அனுப்பினால் திருப்பித் தருகிறோம்" என்ற முறை பல இடங்களில் இருக்கிறது. தற்காலிகப் பணியில் இருக்கும் ஓர் இளம் ஆய்வாளர் விமான டிக்கெட்டுக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். அதை வெளியே சொல்லவும் மாட்டார், "சொந்தக் காரணங்களால் வர இயலவில்லை" என்று எழுதிவிடுவார். டிக்கெட்டை அருங்காட்சியகமே எடுத்துக் கொடுக்க வழி உண்டா, தினப்படியை வந்த முதல் நாளே கையில் தர முடியுமா என்று உங்கள் கணக்குப் பிரிவிடம் கேட்டு வையுங்கள். பல சமயம் வழி இருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

திட்டத்தின் விதியையும் நிதானமாகப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2004-ல் தொடங்கிய சிந்தெசிஸ் திட்டம் ஆய்வாளரை ஒரு குறிப்பிட்ட அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தது. ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகம் தரும் எர்ன்ஸ்ட் மையர் பயண நிதியோ, விலங்கு வகைப்பாட்டு ஆய்வுக்காக வேறு அருங்காட்சியகங்களுக்குப் போகவும் உதவுகிறது. ஒன்றின் விதியை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றின் விண்ணப்பத்தைப் பார்த்தால் தப்பு நடக்கும்.

வெட்டுவது, கொண்டுவருவது

ஆய்வுத் திட்டத்தில் "திசு", "டிஎன்ஏ", "துண்டு" என்ற சொற்கள் வந்தால் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். மாதிரியைப் பார்ப்பது வேறு, அதிலிருந்து வெட்டி எடுப்பது வேறு. பழைய பறவைத் தோல்களில் டிஎன்ஏ எடுக்கக் கால் விரலின் அடிப்பகுதியில் ஒரு சிறு சீவலைத்தான் எடுப்பார்கள். ஆனாலும் எடுத்தது எடுத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. இதற்குத் தனிப் படிவம், தனி ஒப்புதல் வேண்டும். உதவித்தொகை கிடைத்ததாலேயே வெட்ட அனுமதி கிடைத்ததாக ஆகாது என்று முதல் கடிதத்திலேயே தெளிவாக எழுதுங்கள். ஒரு தகவலைத் தெரிந்து வைத்துக்கொண்டால் க்யூரேட்டரோடு பேச உதவும். ஃபார்மலின் திசுவைப் பதப்படுத்தும் என்று கண்டுபிடித்தது 1893-ல். அதற்கு முந்திய மாதிரிகள் பெரும்பாலும் நேராகச் சாராயத்தில் போட்டவை. ஃபார்மலின் பட்டதிலிருந்து டிஎன்ஏ எடுப்பது மிகக் கடினம். ஆகவே ஒரு மாதிரியின் வயதும் அதைப் பதப்படுத்திய விதமும் தெரியாமல் "வெட்டித் தாருங்கள்" என்று கேட்டால், ஒன்றும் கிடைக்காமல் மாதிரிதான் சேதமாகும்.

இன்னொரு வாக்கியத்தையும் நிறுத்திப் படியுங்கள்: "ஒப்பிட்டுப் பார்க்க என் மாதிரிகளையும் கையோடு கொண்டுவருகிறேன்." நல்ல எண்ணத்தில்தான் எழுதுவார்கள். ஆனால் இந்தியாவிலிருந்து உயிரின மாதிரியை ஆய்வுக்காக வெளியே எடுத்துவர 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதற்கான தேசிய ஆணையத்தின் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. ஐரோப்பியப் பக்கத்தில் நகோயா நெறிமுறை இருக்கிறது, ஒரு நாட்டின் உயிர்வளத்தைப் பயன்படுத்தினால் பலனில் அந்த நாட்டுக்கும் பங்கு வேண்டும் என்கிற சர்வதேச ஒப்பந்தம் அது. 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ள அந்த ஒப்பந்தத்தை ஒட்டி ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டத்தை வைத்திருக்கிறது. மாதிரி எந்த நாட்டில், எப்போது, யார் அனுமதியோடு எடுக்கப்பட்டது என்ற தாள் இல்லாமல் அருங்காட்சியகம் அதை உள்ளே விடாது. அழிவின் விளிம்பில் உள்ள இனமாக இருந்தால் அத்தகைய இனங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் அனுமதியும் சேரும். பதிவு பெற்ற அறிவியல் நிறுவனங்களுக்கு இடையே கடனாகவும் பரிமாற்றமாகவும் போகிற மாதிரிகளுக்கு அதில் சலுகை உண்டு. ஆனால் அது நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையில். ஒருவர் பையில் போட்டுக்கொண்டு வருவதற்கு அது பொருந்தாது. "அளவுகளும் படங்களும் கொண்டுவாருங்கள், மாதிரி அங்கேயே இருக்கட்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், விமான நிலையத்தில் ஒருவரின் பல வருஷ உழைப்பு பறிமுதல் ஆவதைத் தடுக்கலாம்.

தேர்வுக் குழு

குழுவுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு உறுப்பினரிடமும் எழுத்தில் கேளுங்கள்: விண்ணப்பதாரர் உங்கள் மாணவரா, சமீபத்தில் சேர்ந்து கட்டுரை எழுதியிருக்கிறீர்களா, உறவா? வகைப்பாட்டுத் துறை சிறியது. ஒரு நண்டுக் குடும்பத்தையோ ஒரு வண்டுப் பேரினத்தையோ ஆழமாகத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். எனவே மாதிரிகளைப் பார்த்துக்கொள்ளும் க்யூரேட்டரும் விண்ணப்பதாரரும் ஏற்கெனவே சேர்ந்து எழுதியிருப்பது சகஜம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. வேலை நடக்குமா, மாதிரி இருக்கிறதா என்ற குறிப்பை க்யூரேட்டர் தரட்டும். மதிப்பெண்ணை வேறு ஆட்கள் போடட்டும். இரண்டும் வேறு வேறு தாளில் இருந்தால் பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

விஞ்ஞானியின் தரத்தை அவர் எழுதிய இதழின் மதிப்பெண்ணை வைத்து எடை போடாதீர்கள் என்று 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான டோரா அறிக்கை சொல்கிறது. அருங்காட்சியக ஆய்வுக்கு இது இன்னும் பொருந்தும். ஒரு தவளையை ஒழுங்காக விவரித்து, எண் போட்டு, படம் வரைந்து, உள்ளூர் இதழில் வெளியான இருபது பக்கக் கட்டுரை ஐம்பது வருஷம் கழித்தும் ஒருவருக்கு வேண்டியிருக்கும். குழு உறுப்பினர்கள் இதழ்ப் பெயரைப் பார்த்து மயங்கினால், நீங்கள் சின்ன ஆளாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கட்டுரையின் நகலை எடுத்து மேசை மேல் வையுங்கள். நான் வைத்திருக்கிறேன். படித்த பிறகு பேச்சு மாறியிருக்கிறது.

விண்ணப்பத்தில் உள்ளது ஒருவரின் சொந்த விவரம். பாஸ்போர்ட் நகலை எல்லாருக்கும் மின்னஞ்சலில் சுற்றவிட வேண்டாம். பூட்டிய கோப்புறையில் வைத்து, பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஐரோப்பாவில் 2018 மே முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடுமையாக இருக்கிறது. தேர்வாகாதவர்களின் தாள்களை எப்போது அழிப்பது என்று இப்போதே தேதி குறியுங்கள்.

முடிவு சொல்வது

"தரமான விண்ணப்பங்கள் மிகுதியாக வந்தமையால்" என்று தொடங்கும் அச்சுக் கடிதத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கிடைக்காதவருக்குக் காரணத்தை எழுதுங்கள். நாலு வரி போதும்: மாதிரிகள் அடுத்த வருஷம் மார்ச் வரை கடனில் இருக்கின்றன, அல்லது திட்டம் நன்று ஆனால் நாள் போதாது, அல்லது முதல் கேள்விக்குப் படங்கள் போதும், இதோ இணைத்திருக்கிறேன். மறுபடி விண்ணப்பிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள். மறு வருஷம் அதே ஆள் திருத்தி அனுப்பும் விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

கிடைத்தவருக்கு வாழ்த்தோடு வேலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்னதாகவாவது கொடுக்க வேண்டும். நேர்காணல் தேதி கிடைப்பதே பல வாரம் தள்ளிப்போகும் என்பதால் முடிவு வந்த வாரத்திலேயே அழைப்புக் கடிதத்தை அனுப்புங்கள். அதில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பிறந்த தேதி, வரும் நாள், போகும் நாள், என்ன வேலை, யார் செலவு, எங்கே தங்குகிறார், எல்லாம் இருக்க வேண்டும். செலவை யார் ஏற்கிறார் என்ற வரி விடுபட்டதால் விசா தள்ளிப்போன கதைகள் உண்டு. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள். அதன் செலவை உதவித்தொகையில் சேர்க்க முடியுமானால் சேர்த்துவிடுங்கள். தங்கும் காலம் 180 நாளில் 90-ஐத் தாண்டினால் விசாவின் வகையே வேறு, அதற்கு இன்னும் முன்கூட்டித் தொடங்க வேண்டும்.

பழைய பறவை, பாலூட்டித் தோல்களைக் கையாளப் போகிறவருக்குத் தனியாக ஒரு குறிப்பு அனுப்புங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் ஆர்செனிக் கலந்த சோப்பைத் தடவித்தான் தோலைப் பாடம் செய்தார்கள். அந்த ஆர்செனிக் இன்னும் அதிலேயே இருக்கிறது. கையுறை, கைகழுவல், மேசையில் சாப்பிடாமை ஆகியவற்றை வந்த பிறகு சொல்வதைவிட முன்பே எழுதுவது நல்லது. கர்ப்பமாக இருப்பவர் அதை யாரிடமும் சொல்லாமலே வேலைத் திட்டத்தை மாற்றிக்கொள்ள அது இடம் கொடுக்கும்.

வந்து போன பிறகு

முதல் நாள் காலையில் வாசலில் நீங்களே போய் நில்லுங்கள். அடையாள அட்டை, வைஃபை, பக்கத்தில் சாப்பாடு எங்கே கிடைக்கும், சைவமா அசைவமா, இதெல்லாம் பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு க்யூரேட்டரிடம் விட்டுவிடலாம்.

அவர் ஊர் திரும்பிய சில வாரங்களில் ஒரு சின்ன அறிக்கை கேளுங்கள். எதைப் பார்த்தார், எதைப் பார்க்க முடியவில்லை, பட்டியலில் என்ன தவறு கண்டார் என்ற மூன்றும் இருந்தால் போதும். கட்டுரை வெளிவர ஓரிரண்டு வருஷமாகும். நாட்காட்டியில் குறித்து வைத்து அன்போடு ஒரு தடவை விசாரியுங்கள். கட்டுரையில் மாதிரி எண்கள் சரியாக இருக்கின்றனவா, டிஎன்ஏ வரிசையைப் பொதுத் தரவகத்தில் போட்டபோது அதே எண்ணைச் சேர்த்தாரா என்று பாருங்கள்.

கடைசி வேலை குடுவையில் இருக்கிறது. ஆய்வாளர் இனப் பெயரை மாற்றிக் கண்டறிந்திருந்தால், புதுப் பெயர், தன் பெயர், ஆண்டு மூன்றையும் எழுதிய சீட்டு ஒன்றை விட்டுப் போயிருப்பார். க்யூரேட்டர் அதைப் பழைய சீட்டுகளோடு சேர்த்து உள்ளே போடுவார். பழையதை எடுக்க மாட்டார்கள். நீங்கள் பட்டியலில் அந்தப் பெயரை ஏற்றி, கட்டுரையின் பிரதியை நூலகத்தில் கொடுத்து, கோப்பில் தேதி போட்டு மூடுங்கள்.